பரீட்சைக்கு ஒரு தலை

லூடி சித்தி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது ஓஸெல்லாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பஸ் நிலையத்தின் மங்கிய விளக்கில் சித்தியின் தலை மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி மின்னியது. ஒரு சுருள் கிடையாது. நெற்றியிலிருந்து பிடரி வரை வழவழவென்று படிந்து கிடந்தது.

"எப்படி இருக்கு?" என்று சித்தி பக்கவாட்டில் திரும்பிக் காட்டினாள்.

ஓஸெல்லா கையிலிருந்த பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். உள்ளே சுருள்முடியைச் சூடு காட்டி நேராக்கும் இரண்டு இரும்புச் சீப்புகள், ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு, எண்ணெய் டப்பா, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை ஏப்ரன்.

"என்ன சித்தி பண்ணி வெச்சிருக்க?"

"ஜாக்சனுக்குப் போறோம்ல? பரட்டத் தலையோட வரச் சொல்றியா? அங்க யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டா?"

"பரட்டத் தலையோட வான்னுதானே ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"நீ சொன்ன. ரெண்டரை மணி நேரம் பஸ்ஸுல எல்லாரும் என்னையே பாத்துட்டு வருவாங்கன்னு சொன்னியா?"

ஓஸெல்லாவுக்கு ஒரு சின்ன நம்பிக்கை மிச்சம் இருந்தது. "சூட்டுச் சீப்புதானே போட்ட? பரவால்ல. தண்ணி பட்டா பழையபடி சுருண்டுக்கும். அங்க போய் அலசிட்டா..."

"சுருளாது," என்றாள் சித்தி, கொஞ்சம் பெருமையாகவே. "மழைக்காலம்னு எனக்குத் தெரியாதா? பார்பர் கடையில முடி நேராக்கற மருந்து போட்டுக்கிட்டேன். ஆம்பளைங்க போட்டுக்கறது. எரிச்சல்ல உசிரு போய் வந்துச்சு."

ஓஸெல்லா அருகில் போய்ப் பார்த்தாள். வகிட்டோரம் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தத் தலையில் சூட்டுச் சீப்பை வைத்தால் பரீட்சை அங்கேயே முடிந்துவிடும். வைக்கவும் விடமாட்டார்கள். ஆறு வாரமாக இரும்போ மருந்தோ படாத தலையைக் கூட்டி வர வேண்டும் என்று பரீட்சைக் கடிதத்திலேயே போட்டிருந்தது. அதைச் சித்திக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தாள்.

முடி அலங்கார லைசென்ஸுக்கான பரீட்சை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கோராலீயின் அழகு நிலையத்தில் இரண்டு வருடமாக ஓஸெல்லா தரை பெருக்கி, அடுத்தவர்கள் தலை அலசி, துண்டு துவைத்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வந்தால் ஜன்னலோர நாற்காலி அவளுக்கு. லைசென்ஸ் உள்ளவளுக்குத் தனி நாற்காலி, யார் எப்போது வருகிறார்கள் என்று எழுதத் தனி நோட்டு, தனி வாடிக்கையாளர்கள். இன்று வாங்காவிட்டால் அந்த நாற்காலி ஜூன் மாதம் மெம்பிஸிலிருந்து வரும் கோராலீயின் அண்ணன் மகளுக்கு. அப்புறம் பத்தொன்பது வயதிலிருந்து எண்பது வயது வரை பருத்திக்காட்டில் களை கொத்தலாம்.

அம்மா ஆர்னீதா வழியனுப்ப வந்திருந்தாள். சலவைக்கூடத்தில் ஏழு மணிக்கு அவள் வேலை தொடங்கும். தங்கை தலையையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன்," என்றாள் கடைசியில்.

"உனக்கு முடி ஏதும்மா?"

போன வருடம் வந்த காய்ச்சலில் ஆர்னீதாவின் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் ஒரு விரற்கடை முளைத்திருந்தது. அவள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. கறுப்பர்களுக்கான பெஞ்சில் இரண்டு கிழவர்களும் தூங்கும் ஒரு சிப்பாயும்தான். ஆறு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டி, வா ஜாக்சனுக்கு என்று கூப்பிட முடியும்?

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"என் தலை வேணும்னா எடுத்துக்க."

பஸ் நிலையத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய ஜன்னலில் முட்டை ரொட்டியும் காபியும் விற்கும் வெர்டெல். தலையில் எப்போதும் போல இறுக்கிக் கட்டிய பழுப்புத் துணி. ராத்திரி வேலை முடிந்து ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்னீதாவின் முதுகு விறைத்தது. சித்தி சத்தமாக மூச்சை இழுத்தாள்.

ஊரில் வெர்டெலைத் தெரியாதவர் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் ஓஸெல்லாவின் அப்பா க்ளீவன் ஒரு சட்டையும் கிதாரும் எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப்புறம் இவள் வீட்டுக்குப் போனார். இரண்டு வருடம் இருந்தார். பிறகு இவளையும் விட்டுவிட்டு டெட்ராய்ட் போனார். க்ளீவனை யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய முடியை எடுத்து வெர்டெல் வாசற்படிக்கு அடியில் புதைத்து வசியம் வைத்துவிட்டாள், அதனால்தான் போனார் என்று ஆர்னீதா இன்றைக்கும் சொல்வாள். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அந்த ஊரில் சீப்பில் வந்த முடியை யாரும் குப்பையில் போடுவதில்லை. யார் கையிலாவது சிக்கினால் சூனியம் வைத்துவிடுவார்கள் என்று அடுப்பில் போட்டு, பொசுங்கி முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

"இரும்பு படாத தலைதான்," என்றாள் வெர்டெல். "மருந்தும் படல. நீளமும் இருக்கு. பஸ் வருது பாரு."

"உனக்கு எதுக்குடி இந்த அக்கறை?" என்றாள் ஆர்னீதா.

"நான் உன்கிட்ட பேசல ஆர்னீதா. புள்ளகிட்ட பேசறேன்."

புள்ள தரையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் வெர்டெல் கோராலீயின் கடை வாசலில் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. உள்ளே மூன்று நாற்காலி காலி. "இடமில்லன்னு சொல்லு" என்று கோராலீ உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினாள். போய்ச் சொன்னது ஓஸெல்லாதான். வெர்டெல் அவள் தோளுக்கு மேலே எட்டி அந்த மூன்று நாற்காலியையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவள் இன்று எதற்கு வருகிறாள்? பழி வாங்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? சீப்பு காதுக்கருகில் வரும்போது அவள் தலையை வெடுக்கென்று திருப்பினால் போதும். பரீட்சையில் மாடலுக்குச் சூடு பட்டால் அந்த நிமிடமே வெளியே.

பஸ் வந்து நின்றது. ஆர்னீதா மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"போ."

"அம்மா?"

"வேற வழி இல்ல, போ. அவள நம்பாத. அவ குடுக்கறது எதையும் திங்காத. அப்புறம், சீப்புல வர்ற முடிய அங்க விட்டுட்டு வந்துராத. எனக்குக் கொண்டுவா."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

பஸ்ஸின் பின்வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பெட்டி. வெர்டெல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து முட்டை ரொட்டியை நீட்டினாள்.

"பசிக்கல, மிஸ் வெர்டெல்."

"அம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

ஓஸெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெர்டெல் இரண்டு ரொட்டியையும் தானே தின்றாள். நிதானமாக, ஒரு துணுக்கு சிந்தாமல்.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"ஜாக்சன் பாத்து நாளாச்சு."

"ஜாக்சன் பாக்க யாராவது தலைய குடுப்பாங்களா?"

"நீ உன் பாடத்த நினைச்சுக்க புள்ள. என்னை எதுக்கு நினைக்கிற?" என்று சொல்லிவிட்டு வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. தூங்குகிறவளின் விரல்கள் அப்படி மடியில் இறுகி இருக்காது என்று ஓஸெல்லாவுக்குத் தெரிந்தது.

ஃபாரிஷ் தெருவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பரீட்சை. பதினான்கு பெண்கள், பதினான்கு மாடல்கள், பதினான்கு கண்ணாடிகள். பரீட்சை நடத்த வந்த மூன்று பேரில் மூத்தவள் திருமதி பிக்கன்ஸ். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, காதில் செருகிய பென்சில். அவள் நடந்து வந்தாலே பெண்களின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"துணிய அவிழ்க்கச் சொல்லு," என்றாள் ஓஸெல்லாவிடம்.

வெர்டெல் இரண்டு கையையும் தூக்கி முடிச்சை அவிழ்த்தாள். ஊரில் யாரும் பார்க்காத தலை. ஓஸெல்லா எதிர்பார்த்தது வேறு. சொட்டை, புண், ஏதோ ஒன்று. ஆனால் முடி அடர்த்தியாக, மேகம் மாதிரி, தோள் வரை பரந்து நின்றது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. திருமதி பிக்கன்ஸ் விரலை உள்ளே விட்டுப் பார்த்து, முன்பக்கம் திருப்தியாகி, பின்பக்கம் போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

பிடரியில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய சூட்டுத் தழும்புகள். ஐந்தாறு இருக்கும்.

"இது யார் பண்ணது?"

கண்ணாடியில் வெர்டெலின் கண்கள் அவள் கண்களைச் சந்தித்தன. இந்தப் பிள்ளைதான் பழகிப் பார்க்கிறேன் என்று சுட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். பெட்டியைத் திறக்காமலே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெர்டெல் உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்கிறாள் என்று ஓஸெல்லா நினைத்தாள். விலை பேசுகிறாள்.

"நானேதான்," என்றாள் வெர்டெல். "பின்பக்கம் நமக்கே தெரியுமா? கைக்கு வந்தபடி இழுத்துக்கறதுதான். எல்லாம் பழசு. இப்ப வருஷம் ஒண்ணாச்சு, இரும்பையே தொடறதில்ல."

"ஊர்ல கடை இல்லையா?"

"இருக்கு."

திருமதி பிக்கன்ஸ் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். தாளில் எதையோ எழுதினாள். "ஆரம்பி."

ஓஸெல்லா அலசினாள். துவட்டினாள். தலையை நான்காகப் பிரித்து முடிச்சிட்டாள். கைக்குத் தெரிந்த வேலை, கை தானே செய்தது. மனம் மட்டும் நகரவில்லை. ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? இன்னும் பெரிதாக எதற்கோ காத்திருக்கிறாளா?

அகலப் பல் சீப்பைப் போட்டு இழுத்தபோது ஒரு கொத்து முடி வந்தது. உருண்டையாகச் சுருட்டினாள். நாற்காலிக்கு இடப்பக்கம் மூடி போட்ட தகர டப்பா. சீப்பில் வந்த முடி உடனே அதில் போக வேண்டும், சுத்தத்துக்கு ஐந்து மதிப்பெண். ஓஸெல்லாவின் கை டப்பாவுக்குப் போகவில்லை. ஏப்ரன் பைக்குள் போனது.

கண்ணாடியில் வெர்டெல் அதைப் பார்த்துவிட்டாள்.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நாற்காலியின் கையை அவள் விரல்கள் பிடித்திருந்த பிடியை ஓஸெல்லா அப்போதுதான் கவனித்தாள். பஸ்ஸில் மடியில் இறுகியிருந்த அதே விரல்கள். காலையிலிருந்து தான் இவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, இவளும் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். ஆர்னீதாவின் மகள் கையில் சூட்டுச் சீப்பு. இவள் தலை அதற்குக் கீழே. பயப்பட வேண்டியது யார்?

இரண்டு நாற்காலி தள்ளித் திருமதி பிக்கன்ஸின் பென்சில் நின்றது. அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

ஓஸெல்லா பையிலிருந்து கையை எடுத்தாள். முடி உருண்டை கையோடு வந்தது. மூடியைத் திறந்து போட்டு, மூடினாள். தகரம் 'டக்' என்றது.

"இந்த டப்பா எங்க போகும், மேடம்?" என்று கேட்டது வெர்டெல்.

"கீழ பாய்லருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

திருமதி பிக்கன்ஸ் தாளில் குறித்துக்கொண்டு நகர்ந்தாள். எத்தனை மதிப்பெண் போயிற்றோ.

இப்போது சீப்பு அடுப்பில். சூடு ஏறியதும் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தாள். தாள் பழுத்தது. சூடு அதிகம். காற்றில் இரண்டு வீச்சு வீசி மறுபடி வைத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. நெற்றிப் பக்கம் முதலில். எண்ணெய் சுர்ரென்று சொல்ல, முடி சீப்புக்குப் பின்னால் பட்டு மாதிரி விழுந்தது. அறை முழுக்க அந்த வாடை எழும்பியது. தலை பண்ணிக்கொள்ளும் எந்தச் சனிக்கிழமையையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடக்கூடிய வாடை.

காதோரம் வந்தது. இங்கேதான் வெடுக்கென்று தலையைத் திருப்பப்போகிறாள் என்று ஓஸெல்லா நினைத்தாள்.

"காத மடக்கிப் பிடிங்க, மிஸ் வெர்டெல்."

பிடித்தாள். சரியாக அந்த நேரம் ஜன்னலோரப் பெண் ஒருத்தியின் அடுப்பு கவிழ்ந்து தரையில் உருண்டது. ஒருத்தி கத்தினாள். பதினான்கு தலைகளில் பதின்மூன்று அந்தப் பக்கம் திரும்பின. வெர்டெலின் தலை மட்டும் அசையவில்லை. அந்தச் சத்தத்தில் ஓஸெல்லாவின் கை சறுக்கி, சீப்பின் முதுகு தோலுக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது. சூடு அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க முடியாது.

"மெதுவா," என்றாள் வெர்டெல், உதடு பிரியாமல். "அவசரமில்ல."

கடைசியாகப் பிடரி. தழும்புகளின் மேல் விரலை வைத்து மறைத்து, அதற்குமேல் சீப்பை ஓட்டினாள். கோராலீ கடையில் அலசிய எந்தத் தலைக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

நான்கு மணிக்குப் பெயர்களை வாசித்தார்கள். ஒன்பது பேர் தேறினார்கள். ஏழாவது பெயர் ஓஸெல்லா டிப்ஸ். எழுபத்தைந்து வாங்க வேண்டும், வாங்கியது எழுபத்தாறு.

"சுத்தத்துல மூணு போச்சு," என்றாள் திருமதி பிக்கன்ஸ் தாளை நீட்டியபடி. "முடிய பையில போடற பழக்கம் எங்க படிச்ச? விட்டுரு. உனக்குக் கை நல்லா இருக்கு. தலைக்காரிக்கு உன்மேல நம்பிக்கையும் இருக்கு."

ஓஸெல்லா தாளை நான்காக மடித்தாள். பிறகு, மடிப்பு விழுந்துவிடுமே என்று பிரித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

கீழே மருந்துக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் வெர்டெல் நின்றுகொண்டிருந்தாள். துணியைக் கையில் வைத்திருந்தாள், கட்டிக்கொள்ளவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கையைக் கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் தடவினாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் ஓஸெல்லா. "எதுக்கு வந்தீங்க?"

"தலை பண்ணிக்கத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுன்னு சாதாரணமா சொல்ற. ஆறு வருஷம். உங்க கடை, மேலத் தெருக் கடை, அந்த நொண்டிக்கால் பெர்னீஸ் வீட்டுத் திண்ணைக் கடைகூட. எங்க போனாலும் இடமில்ல. இன்னிக்கு உன்னால இடமில்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

ஓஸெல்லா கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"நான் உங்க முடிய பையில போட்டேன்."

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் எழுந்திருக்கல?"

"பாதித் தலையோட எங்க ஓடறது?"

பஸ்ஸில் இந்தமுறை பெட்டி மடியில் இருந்தது. ஊர் எல்லை நெருங்கும்போது ஓஸெல்லா கேட்டாள்.

"எங்கப்பா முடிய நிஜமாவே வாசப்படிக்கு அடியில வெச்சீங்களா?"

வெர்டெல் சிரித்தாள். ஓஸெல்லா அவள் சிரித்துப் பார்த்ததே இல்லை. "உங்கப்பன் தலையில எந்த முடிய எடுக்கறது? என் வீட்டுக்கு வர்றப்பவே முட்டையாட்டம் இருந்துச்சு. வீட்டுக்குள்ளகூட தொப்பிய கழட்ட மாட்டான்."

ஓஸெல்லாவுக்கும் சிரிப்பு வந்தது. அது உண்மைதான். வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"மீசை இருந்துச்சே," என்றாள்.

வெர்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் ஆர்னீதா சலவைக்கூட உடுப்போடு நின்றிருந்தாள். மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். படிக்கவில்லை, முத்திரையை மட்டும் விரலால் தொட்டாள். அவள் கண் கலங்கியது ஒரு கணம்தான். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கொண்டுவந்தியா?"

"பாய்லர்ல போச்சும்மா."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒரு முடி கூடவா?"

வெர்டெல் பின்னால் இறங்கி வந்து நின்றாள். நேராக்கிய முடி தோளில் புரள, அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். முட்டை ரொட்டி வாங்க நின்ற இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்னீதாவும் பார்த்தாள். தன் மகளின் வேலை என்று தெரிந்து பார்க்கிற பார்வை. பாராட்ட முடியாமல் வாய் இறுகிய பார்வை.

"ரெண்டு வாரம் நிக்கும்," என்றாள் வெர்டெல் ஓஸெல்லாவிடம். "அப்புறம் சனிக்கிழமை ஒண்ணு வேணும் எனக்கு. இருக்கா, இல்லையா?"

ஓஸெல்லாவுக்கு அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. கோராலீ என்ன சொல்வாள் என்று தெரியும். வாடிக்கைப் பெண்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்றும் தெரியும். மெம்பிஸ்காரி நாற்காலிக்குக் காத்திருக்கிறாள். இந்தப் பெண்மணி நல்லவளா என்று கேட்டால் இன்னமும் சொல்லத் தெரியவில்லை. மீசையைப் பற்றிக் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை.

"இருக்கு, மிஸ் வெர்டெல்," என்றாள். "இருபத்திமூணாம் தேதி. ஒன்பது மணிக்கு வாங்க. என் நாற்காலி ஜன்னலோரம்."

"கோராலீ?"

"அது அவங்க நோட்டு. இது என் நோட்டு."

வெர்டெல் தலையசைத்துவிட்டுத் துணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நடந்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் சட்டென்று நின்று, ஒரு செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

ஆர்னீதா பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். தெருமுனை வந்தது. அங்கே திரும்பி நின்றாள்.

"எட்டரைக்கு எனக்கு எழுதிக்க."

"உனக்கா? உனக்கு என்ன இருக்கு பண்ணிக்க? ஒரு விரல்தானே முளைச்சிருக்கு?"

"அதுக்கு எண்ணெய் வெச்சு விடு. மெதுவா வெச்சு விடு. ஒன்பது மணிக்கு அவ வர்றப்ப நான் அந்தக் கடையில உக்காந்திருக்கணும்."